இப்பவும் இப்போவும்

என் வேலை ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவரின் வயிற்றிலோ தொடையிலோ பஞ்சு முனையால் தொட்டு, "இப்போ?" என்பேன். தெரியுது என்றோ தெரியல என்றோ அவர் சொல்ல வேண்டும். நடுநடுவே தொடாமலும் "இப்போ?" என்பேன். அதற்கும் பதில் வேண்டும். தொடாத நேரத்தில் தெரியுது என்றால் ஆள் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறார் என்று அர்த்தம். எப்போது தொடுவது, எப்போது சும்மா இருப்பது என்பதைக்கூட நான் முடிவு செய்வதில்லை. கணினி சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒரு வரிசையை அச்சடித்துக் கொடுக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் போக வேண்டும். பதினொரு வருடமாக இதே வேலை. "நாள் பூரா ஒரே வார்த்தையச் சொல்லி சம்பளம் வாங்கற ஆளு நீ ஒருத்திதான்" என்பார் என் வீட்டுக்காரர். மிச்ச வார்த்தையெல்லாம் வீட்டில் தன் தலையில் விழுகிறது என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

நான் முன்கோபக்காரி. வேலையில் சுத்தக்காரி. என் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் யாராவது ஒரு எண்ணைச் சந்தேகப்பட்டால், "அது அந்தம்மா எடுத்த அளவு" என்றவுடன் பேச்சு நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அந்த வருடம் நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சி இதுதான். முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்களுக்கு, முதுகுத் தோலில் பட்டைகளை ஒட்டி, மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே உடற்பயிற்சி கொடுத்தால் போனது ஏதாவது திரும்புமா? இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். பத்துப் பேருக்கு நிஜ மின்சாரம். மீதிப் பத்துப் பேருக்குப் பெட்டியில் விளக்கு மட்டும் எரியும். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியக் கூடாது. பயிற்சி அறை பக்கத்திலேயே இருந்தாலும் அந்தக் கதவை நான் திறக்க மாட்டேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு துணித் தடுப்பு, கால்மாட்டில் ஒரு கேமரா. கூட வரும் சொந்தக்காரர் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். நான் தொடுவதைப் பார்த்து அவர் மூச்சை இழுத்தால்கூட நோயாளி கண்டுபிடித்துவிடுவார் அல்லவா.

இருபது பேரில் ஒருவர் மெக்கானிக். முப்பத்தெட்டு வயது. பழுது பார்த்த பைக்கை ஓட்டிப் பார்க்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்தவர். "பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது மேடம், நான் செஞ்ச வேலையில்ல? ரோடுதான் பிடிக்கல" என்று முதல் நாளே சொன்னார். தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவர் அடிவயிற்றிலும் தொடையிலும் பக்கத்துக்குப் பத்தாக இருபது இடத்தில் நீலப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தோம். ஒவ்வொரு புள்ளியையும் மூன்று முறை தொடுவேன். மூன்று முறையும் சரியாகச் சொன்னால்தான் அந்தப் புள்ளி திரும்பியதாகக் கணக்கு. தொடாமல் கேட்பது இருபது முறை. ஆக ஒரு தடவைக்கு எண்பது கேள்வி.

அவருடன் வருவது அவர் மாமியார். மனைவி துணிக் கடையில் பில் போடுகிறவர். வாரத்துக்கு இரண்டு நாள் லீவு யார் தருவார்கள்? மாமியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்த கண். என் அறைக்குள் வந்ததும் அந்தக் கண் நாலு மூலையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காரும். விபத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லையாம். இப்போது அவருடைய சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பையை மாற்றுவதே இந்த அம்மாதான். ஆனாலும் மரியாதை குறையவில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயறீங்களா?" என்று கேட்பார். "சாயறேன் அத்தை" என்பார் அவர். பையை மாற்றி முடிக்கும் வரை இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்ப்பார்கள்.

முதல் அளவில் மெக்கானிக்குக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டாம் மாதம் இரண்டு வந்தது. நான்காம் மாதம் ஆறு. ஏழாம் மாதம் பதினொன்று. அதைவிட முக்கியம், தொடாமல் கேட்டபோது அவர் அநேகமாக ஏமாறவே இல்லை. இருபதில் பத்தொன்பது முறை "தெரியல" என்று கறாராகச் சொன்னார். அவ்வளவு சுத்தமான தாளை நான் பதினொரு வருடத்தில் பார்த்ததில்லை.

மூன்று புள்ளிகளாவது திரும்பியவர்களை இரண்டாம் கட்டத்துக்கு எடுப்பார்கள். பெட்டியை வீட்டுக்கே கொடுத்து, ஒரு வருடம் தினமும் சிகிச்சை. மற்ற பத்தொன்பது பேரில் யாருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை. மெக்கானிக் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதினார்கள். விஷயம் தெரிந்த அன்று அவர் மனைவி கடையிலிருந்து போன் செய்து, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்தாராம். பூட்டிக் கிடந்த பைக் ஷெட்டை விலைக்குக் கேட்டு வந்திருந்தவரை மெக்கானிக் திருப்பி அனுப்பிவிட்டார். "இன்னொரு வருஷம் பூட்டிக் கெடக்கட்டும் மேடம். நானே போய்த் தெறப்பேன்" என்றார். அவரிடம் சிகிச்சையைப் பற்றி நான் பேசக் கூடாது என்பது விதி. சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று விதியில் இல்லை.

எட்டாம் மாதம், ஒரு காலை. எண்பது கேள்வியும் முடிந்து மெக்கானிக்கைப் பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமியார் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது."

கோபப்படக் கூடாது என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். சொல்லுங்கள் என்றேன். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீச்சர் கையெழுத்தில் ஒன்றிலிருந்து எண்பது வரை எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, அல்லது தவறு என்ற குறி.

"தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ண மூடிட்டு உக்காந்து எழுதுனேன். நீங்க தொட்டதுக்கெல்லாம் டிக். தொடாததுக்கு இன்ட்டு. உங்க தாளோட வச்சுப் பாருங்க."

பார்த்தேன். எழுபத்தெட்டு சரியாக இருந்தது.

"தப்பான ரெண்டும் அந்த லாரி போனப்ப. காதுல சரியா விழல" என்றார்.

யார் வயிற்றில் தொட்டால் யாருக்குத் தெரிகிறது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தடுப்பில் ஓட்டை இருக்கிறதா என்று எழுந்துபோய்த் தடவிப் பார்த்தேன். அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார்.

"துணியில ஒண்ணும் இல்ல. நீங்க தொடறப்ப 'இப்ப'ன்னு கேக்கறீங்க. தொடாதப்ப 'இப்போ'ன்னு கேக்கறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அர்த்தம் ஒண்ணுதான். சத்தம் ஒண்ணா?"

என் முகம் சூடேறியது. பதினொரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தவர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம், இது பரீட்சை ஹால் இல்லை என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். நான் முடிக்கும் வரை அந்த அம்மா காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு இது தெரிஞ்சு மூணு வாரம் ஆச்சு. என் பொண்ணு ஒரு வருஷமா சிரிக்காம இருந்தா. போன மாசம்தான் சிரிச்சா. நான் போய் இதச் சொல்லணுமான்னு வாயப் பொத்திட்டு இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு சொல்றீங்க?"

"முந்தா நாள் மாப்பிள்ளை சூடா டீய வாங்கி மடியில வச்சுட்டு டிவி பாத்துட்டு இருந்தாரு. முன்னெல்லாம் பயந்துட்டு மேசையிலதான் வைப்பாரு. நம்பிக்கை வந்துடுச்சில்ல? தற்செயலாப் பாத்தேன். டம்ளர எடுத்தா தொடை செவந்து கெடக்குது. அவருக்குத் தெரியவே இல்ல. டீ ஆறிப்போச்சு, வேற கொண்டாறேன்னு சொல்லி எடுத்துட்டு வந்து மருந்து போட்டேன். ஒடம்பு தொடச்சு விடற சாக்குல. அந்த எடத்துலதான் மேடம் நீங்க நீலப் புள்ளி வச்சிருக்கீங்க. தெரியுதுன்னு எழுதியிருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் கோபப்படவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் பழைய பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். காதில் ஹெட்போன். திரையை அணைத்துவிட்டேன். மெக்கானிக்கின் ஏழாம் மாதப் பதிவு. என் குரல்தான். இப்போ. இப்ப. இப்ப. இப்போ. பஞ்சை எடுத்துக்கொண்டு குனியும்போது, கவனமெல்லாம் கைக்குப் போய்விடுவதால், வார்த்தை வெடுக்கென்று குறுகி விழுகிறது. கைக்கு வேலை இல்லாதபோது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக இழுக்கிறேன். ஒரு தாளை எடுத்து நானும் டிக்கும் இன்ட்டும் போட்டுப் பார்த்தேன். எண்பதுக்கு எண்பது.

நோயாளிகள் எனக்கு 'இப்போ மேடம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் உண்டு. அந்தப் பெயரில் பாதிதான் உண்மை என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

முதல் மாதப் பதிவையும் கேட்டேன். அதிலும் இதே கூத்துதான். ஆனால் அப்போது மெக்கானிக்கின் காது என் குரலுக்குப் பழகவில்லை. இரண்டாம் மாதம் கொஞ்சம் பழகிவிட்டது, இரண்டு புள்ளி. ஏழாம் மாதம் நன்றாகப் பழகிவிட்டது, பதினொன்று. உடம்பு தேறுகிறது என்று நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். தேறியது அவர் காது. என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்லும் காது அது. மற்ற பத்தொன்பது பேருக்கு அப்படி ஒரு காது இல்லாததால் அவர்கள் பிழைத்தார்கள்.

மறைத்துவிடலாம் என்று தோன்றவில்லையா என்று பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார். தோன்றியது. ஒரு கால் மணி நேரம் நன்றாகவே தோன்றியது. அடுத்த மாதத்திலிருந்து ஒரே மாதிரி கேட்டால் போயிற்று, புள்ளிகள் தானாகக் குறையும், சிலருக்குத் திரும்பியது மறுபடி போவதும் உண்டு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தம்மா எடுத்த அளவு அல்லவா. அப்புறம் அந்தச் சிவந்த தொடை ஞாபகம் வந்தது. எழுந்து பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

பெரிய டாக்டர் என்பது பதவியால்தான். ஆள் என் தோள் உயரம். இந்த ஆராய்ச்சிக்கே தலைவி. நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பதிவைப் போட்டுக் காட்டினேன். பத்து கேள்வி கேட்டதும் போதும் என்று கையைக் காட்டினார்.

"எத்தன பேருக்கு இப்படி?"

"இருபது பேருக்கும் நான்தான பாத்தேன்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"மெக்கானிக்கோட மாமியார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நம்ம கமிட்டியில மூணு பேராசிரியர் இருக்காங்க. ஒரு மாமியாரையும் சேத்திருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான். என் சொந்த மாமியார் கண்டுபிடித்த குற்றங்களில் ஒன்றைக்கூட நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. யாரோ ஒருவரின் மாமியார் சொன்னதை அரை நாளில் ஒப்புக்கொண்டு அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"எழுதிக் குடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

"தப்பு என்னோடது டாக்டர்."

"இந்த வீடியோவெல்லாம் மாசா மாசம் நானும் பாத்தேன். சத்தத்தக் கொறச்சு வச்சுட்டுப் பாத்தேன். உங்க குரல் எனக்கு மனப்பாடம்னு."

இருபது பேரின் எட்டு மாத அளவுகளும் ரத்து. எல்லோருக்கும் புதிதாக எடுப்பது. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நோயாளி காதில் இரைச்சல் ஓடும் ஹெட்போன், கையில் ஒரு சுவிட்ச், தெரிந்தால் அழுத்த வேண்டியது. தொடுவதற்கு வேறு பிரிவிலிருந்து ஆள். இதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க தொட வேண்டாம். ஆனா இருபது பேருக்கும் சொல்றது நீங்கதான்."

மெக்கானிக்கிடம் முதலில் போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மாமியார் பக்கத்தில். ஒன்று விடாமல் சொன்னேன். தொடை சிவந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. அதை அந்த அம்மாவே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. மெக்கானிக் தன் தொடையைப் பார்த்தார். பேன்ட்டின் மேல் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

"நான் பொய் சொல்லல மேடம்."

"தெரியும்."

"நெசமாவே தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. நீங்க கேட்டவுடனே அந்த எடத்துல ஏதோ... வண்டி சத்தத்தையும் நான் யோசிச்சுக் கேட்டதில்ல. தானாத் தெரியும். அதே மாதிரிதான் இதுவும்."

"உங்க மேல தப்பே இல்ல. என் மேலதான்."

"அப்ப எனக்கு ஒண்ணுமே வரலியா?"

எனக்குத் தெரியாது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அவர் மாமியாரிடம் திரும்பி, "அத்தை, அவகிட்ட இன்னிக்குச் சொல்ல வேண்டாம். புதுசா எடுக்கறப்ப அவளும் வரட்டும். என்னன்னு நேரா பாத்துக்கட்டும்" என்றார். சொல்ல வேண்டாம் என்றாரே தவிர, அன்று மாலையே அவரே மனைவியிடம் சொல்லிவிட்டாராம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் சத்தம் அவளுக்குத் தெரியும். மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்றார் பிறகு.

புதிய அளவு எடுத்த நாளில் என் அறையில் எனக்கு வேலை இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம், சொந்தக்காரர் உட்காரும் இடத்தில், மூன்று நாற்காலி. மாமியார், அவர் மகள், நான். மகள் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். கடைச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லை. என்னைப் பார்த்து முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் படுத்திருந்தார். கண்ணில் துணி, காதில் இரைச்சல், வலது கையில் சுவிட்ச். எலும்பு மருத்துவப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண் பஞ்சை வைத்துக்கொண்டு தொட்டாள், தொடாமல் இருந்தாள். பெரிய டாக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எப்போது தொடுகிறாள் என்று ஊகிக்கப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் மாமியாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, முடியவில்லை என்று தலையை ஆட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு நிம்மதி.

ஆனால் சுவிட்ச் சத்தமும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மகள் தன் விரல்களைப் பின்னிக்கொண்டு கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு புள்ளி இருந்த காலத்தில் இதற்குள் இருபது தடவை "தெரியுது" என்று கேட்டிருக்கும். என் வாயால் நான் அந்த மனிதருக்குக் கொடுத்ததை என் காதால் திரும்ப வாங்கிக்கொள்வது போல இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு க்ளிக். மூன்று பேரும் நிமிர்ந்தோம். தொட்டபோதா, தொடாதபோதா என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. முடியப்போகும் நேரத்தில் மூன்றாவது. அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் எங்களை உள்ளே வரச் சொன்னார். ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். கண் துணி அப்படியே இருந்தது. டாக்டர் கணினித் தாளையும் சுவிட்ச் பதிவான தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு தரம் முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"எத்தன டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணு."

டாக்டர் தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இடது பக்கம், தொப்புளுக்கு மூணு விரக்கட கீழ. மூணு தடவ தொட்டிருக்காங்க. மூணு தடவயும் அழுத்தியிருக்கீங்க. தொடாதப்ப ஒரு தடவகூட அழுத்தல. வேற எந்தப் புள்ளியிலயும் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். "மிச்சம் பத்தும் மேடம் குரலா."

"ரெண்டாம் கட்டத்துக்கு மூணு வேணும். அதனால அதுல சேத்துக்க முடியாது. மொதல் கட்டத்திலயே தொடருங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். கூடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒண்ணு நெசம்."

மெக்கானிக் தலையை அசைத்தார். ஷெட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. கண்ணைத் துணிக்கு மேலே புறங்கையால் ஒரு தரம் அழுத்திவிட்டுக்கொண்டார். மாமியார் தடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். என் தவறால் ஒரு குடும்பம் அடைந்ததையும் இழந்ததையும் ஒரே அறையில் நின்று பார்க்கும்போது சுத்தக்காரி, கறார்க்காரி என்ற வேஷமெல்லாம் நிற்கவில்லை.

மகள் கட்டிலருகே வந்தாள். "எந்தப் புள்ளி?" என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் பேனாவால் காட்டினார். "நான் தொட்டுப் பாக்கலாமா?"

டாக்டர் தலையாட்டினார். அவள் கட்டிலருகே நிற்பதை மெக்கானிக் குரலை வைத்தே தெரிந்துகொண்டார். துணியை விலக்கக் கையைத் தூக்கியவர், நெற்றி வரை கொண்டுபோய், மனசு மாறி, துணியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ஹெட்போனை அவரே தடவி எடுத்து மாட்டிக்கொண்டார். எலும்புப் பிரிவுப் பெண் இரைச்சலைப் போட்டாள்.

மகள் உடனே தொடவில்லை. விரலை நீட்டி, புள்ளிக்கு மேலே நிறுத்தி, அப்படியே நின்றாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. பிறகு அவள் ஆள்காட்டி விரலின் நுனியை மெதுவாக அந்த நீலப் புள்ளியின் மேல் வைத்தாள்.

அவர் சுவிட்சை அழுத்தவில்லை. தெரியுது என்றும் சொல்லவில்லை.

"கைய எடுத்துடாத" என்றார்.